சைஸ் பிடிக்கிறவர்

காலையில் டீ வந்தால் ஆஞ்சப்பன் உடனே குடிக்க மாட்டார். எவர்சில்வர் டம்ளரை இடது உள்ளங்கையில் அணைத்துப் பிடித்தபடி வாசற்படியில் உட்கார்ந்திருப்பார். சூடு கைக்குள் இறங்க இறங்க விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரித்துப் பார்ப்பார். “கை சூடேறாம இது வெளிய வராது சார்” என்பார் என்னிடம். வர மறுப்பது ரத்தம். மார்கழி மாதத்து ஓசூரில் யாருக்குத்தான் வெளியே வர மனம் வரும்?

அடுத்தது ஊசி. பேனா போல ஒரு கருவி. பொத்தானை அமுக்கினால் உள்ளிருந்து ஊசி சுருக்கென்று குத்திவிட்டுத் திரும்ப ஒளிந்துகொள்ளும். மற்றவர்களுக்கு விரல் நுனி போதும். ஆஞ்சப்பனின் விரல் நுனிகளில் இருபது வருடத் தொழில் காய்த்துக் கிடக்கிறது. ஊசி அங்கே முட்டிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்துவிடும். அதனால் மோதிர விரலின் பக்கவாட்டில், நகத்துக்குச் சற்றுத் தள்ளி, மெத்தென்று ஓர் இடம் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். அங்கே குத்தி, கடுகளவு ரத்தம் பூத்ததும், பாட்டு கேசட்டை விடக் கொஞ்சம் பெரிய ஒரு பெட்டியில் செருகிய பட்டையின் மேல் அந்தத் துளியை வைப்பார். பெட்டி யோசிக்கும். ஆஞ்சப்பன் மூச்சை அடக்கிக்கொண்டு பெட்டியைப் பார்ப்பார். நான் எதிர்வீட்டு முருங்கை மரத்தைப் பார்ப்பேன். எனக்கு ரத்தம் என்றால் ஆகாது. பள்ளிக்கூடத்தில் பையன்கள் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தால் பக்கத்து வகுப்பு டீச்சரிடம் அனுப்பிவிடுகிற வாத்தியார் நான்.

“ரெண்டு எட்டு! சைஸ் ஓகே!” என்று சமையற்கட்டைப் பார்த்துக் குரல் கொடுப்பார். உள்ளிருந்து அவர் மனைவி சரசம்மா “ஆவட்டும், டீய குடிங்க, ஆறிப்போச்சி” என்பார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். ஹவுசிங் போர்டு கட்டிய சுவர் என்பதால் ரகசியம் எதுவும் அதில் நிற்காது. “இன்னிக்கு அவருக்கு ரெண்டு எட்டாம்” என்று எனக்குச் செய்தி வாசித்துவிட்டுத்தான் என் மனைவி தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றுவாள். காலையில் ரேடியோ கேட்கும் பழக்கமே எங்கள் வீட்டில் போய்விட்டது.

ரெண்டு எட்டு என்றால் இரண்டு புள்ளி எட்டு; அது என்ன எண் என்று சொல்லிவிடுகிறேன். நாலு வருடத்துக்கு முன்னால் பெங்களூரில் ஆஞ்சப்பனின் நெஞ்சைத் திறந்து, இதயத்தில் கெட்டுப்போன வால்வு ஒன்றை எடுத்துவிட்டு, உலோகத்தில் செய்த வால்வை வைத்துத் தைத்தார்கள். உலோகத்தைக் கண்டால் ரத்தம் அதன்மேல் உறைந்து ஒட்டப் பார்க்கும். அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு மூளைக்குப் போனால் கை கால் விழுந்துவிடும். அது நடக்காமலிருக்க ஆயுசு முழுக்க தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும். மாத்திரை குறைந்தால் ரத்தம் கட்டும். கூடினால் எங்கே கசிந்தாலும் நிற்காது. பெட்டி காட்டும் எண் இரண்டரைக்குக் கீழே போகக் கூடாது, மூன்றரைக்கு மேலே ஏறக் கூடாது. இந்த இரண்டு கோட்டுக்கு நடுவில்தான் ஆஞ்சப்பன் குடித்தனம் நடத்துகிறார்.

அந்த வால்வு பேசவும் செய்யும். சத்தமில்லாத இடத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் ‘டிக், டிக்’ என்று கேட்கும். கம்பெனி பஸ்ஸில் புதிதாக ஏறுகிறவர்கள் தங்கள் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்ப்பார்கள். “அது நான்தாம்பா” என்பார் ஆஞ்சப்பன். கைக்கடிகாரம் செய்கிற ஊரில் ஒருத்தர் அதை விழுங்கிவிட்டார் என்று கேலி பேசுவதற்கு ஓசூர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டுமா?

ஆஞ்சப்பன் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரர். ராகிக் கொல்லையில் யானை இறங்கினால் தகரம் தட்டி விரட்டிய கை. சிப்காட் வந்த புதிதில் கம்பெனிக்குள் நுழைந்து, கிரைண்டிங் மெஷினில் நின்றவர், அதிலேயே நின்றுவிட்டார். முதல் முறை அதைச் சொன்னபோது என் மனைவி, “மாவு மெஷினா?” என்று கேட்டாள். “மாவு இல்லம்மா, இரும்பு” என்றார். சுற்றுகிற இரும்புத் தண்டின் மேல் சுற்றுகிற சாணைக்கல்லை மெல்ல நெருக்கி, தண்டைத் தேய்த்து, சொன்ன அளவுக்குக் கொண்டு வர வேண்டும். அந்த அளவுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் சைஸ். கொண்டு வருவதற்குப் பெயர் சைஸ் பிடிப்பது. ஒரு தலைமயிரைப் பத்தாக வகுந்தால் வருகிற பருமன்தான் அவர்களுக்கு அனுமதிக்கப்பட்ட தப்பு. சரசம்மா சாம்பாரில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தால்கூட “சைஸ் ஓவரு” என்பார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டுக்கொண்டு வந்த என்னிடம் “சார், ரிஜெக்ட்டு” என்று சொல்லியிருக்கிறார்.

கம்பெனியில் அவருக்கு இன்னொரு பேர் உண்டு, ‘கைபுடி’ ஆஞ்சப்பன். காரணத்தை கௌஸ் மொய்தீன் எனக்குச் சொன்னார். கௌஸ் மொய்தீன் அவரோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர். ரம்ஜானுக்கு இரண்டு வீட்டுக்கும் சேர்த்தே பிரியாணி கொண்டு வருகிற மனிதர். “காலைல மெஷினு குளுந்து கெடக்கும் சார். மொத தண்டு கொஞ்சம் பெருசா வரும். புதுப் பையன் இன்னா பண்ணுவான், ஒடனே வீல திருகி கல்ல இன்னும் நெருக்குவான். அடுத்ததும் பெருசு, இன்னும் திருகுவான். அதுக்குள்ள மெஷினு சூடாயி சைஸு அதுவே எறங்கிவரும். இவன் திருகுனதும் சேர்ந்துக்கும். பெருசா இருந்தா மறுக்கா தேய்க்கலாம், சின்னதாப் போச்சின்னா குப்பதான். மத்தியானத்துக்குள்ள ஒரு டிரே குப்ப.”

இந்த வியாதிக்கு ஆஞ்சப்பன் கொடுத்த மருந்து எளிமையானது. புதிதாக வந்தவனுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். முதல் தண்டு பெரிதாக வந்து, அவன் வலது கை சக்கரத்துக்குப் போனதும், தன் இடது கையால் அந்த மணிக்கட்டைப் பிடித்துவிடுவார். இறுக்கிப் பிடித்தபடி, அடுத்தடுத்த தண்டுகள் தானாகச் சைஸுக்கு வரும்வரை விட மாட்டார். “கைய எடு. மொதல்ல அது இன்னா சொல்லுதுன்னு கேளு” என்பார். திட்டு கிடையாது, அடி கிடையாது. ஆனால் அந்தப் பிடி ரெண்டு நாளைக்கு மணிக்கட்டில் இருக்குமாம். வேறு மெஷினிலிருந்து கிரைண்டிங்குக்கு மாறி வந்த புதிதில் தானும் அதை வாங்கியவர்தான் என்று தன் மணிக்கட்டைக் காட்டினார் கௌஸ் மொய்தீன்.

ஆபரேஷனுக்குப் பிறகு மெஷின் பக்கம் போக விடவில்லை. கூரான இரும்புக்கு நடுவே நிற்கிற வேலை. வெட்டுப்பட்டால் மற்றவர்களுக்குக் கட்டுப் போட்டால் நின்றுவிடும், இவருக்கு நிற்காது. டூல் ஸ்டோரில் போட்டார்கள். கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்து, பித்தளை டோக்கனை வாங்கிக்கொண்டு அளவுக் கருவிகளை எடுத்துக் கொடுப்பது. சம்பளம் குறையவில்லை, மரியாதையும் குறையவில்லை. ஆனால் ஆஞ்சப்பனுக்கு உலகம் சுருங்கிவிட்டது. வலைக்கு அந்தப் பக்கம், நாற்பது அடி தூரத்தில் அவருடைய மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. “கல்லு மழுங்கிப்போச்சி, சத்தத்துலயே தெரியுது. எவனும் கண்டுக்க மாட்டேன்றான்” என்று ராத்திரிச் சோற்றில் உட்கார்ந்து புலம்புவார். சுவர் வழியாக எங்களுக்கும் ஒரு பங்கு கிடைக்கும்.

அந்தப் பெட்டி வந்தது மெஷின் வழியாகத்தான். ஆபரேஷனுக்கு முந்தி, ஜெர்மனியிலிருந்து மெஷினைப் பொருத்த வந்த வயசான மெக்கானிக் ஒருவர் மூன்று மாதம் ஓசூரில் தங்கினார். அவருக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு இங்கிலீஷ் தகராறு. ஆனாலும் இரண்டு பேரும் ஒரே தண்டை மாற்றி மாற்றி விரலால் தடவிப் பார்த்துத் தலையாட்டிக்கொள்வார்களாம். நட்புக்கு அது போதும். ஆஞ்சப்பனுக்கு நடந்ததைக் கேள்விப்பட்டு, தங்கள் ஊரில் நோயாளிகள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெட்டி ஒன்றை, அடுத்து வந்த இன்ஜினியரின் சூட்கேஸில் வைத்து அனுப்பிவிட்டார். பட்டைகளும் அப்படியே வருகின்றன. அதுவரை ஒவ்வொரு தடவையும் பஸ் ஏறி, அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் லாரிகளுக்குப் பின்னால் காய்ந்து, பெங்களூர் ஆஸ்பத்திரி வரிசையில் நின்று ரத்தம் கொடுத்துவிட்டு வருவார். நம் ஊர்ப் பக்கம் யாரும் பார்த்திராத பெட்டி. தெருவே வந்து பார்த்தது. ஒருவர் தன் விரலையும் நீட்டினார்.

பெட்டி வந்ததைப் பெங்களூர் டாக்டரிடம் காட்டியபோது அவர் சந்தோஷப்பட்டு மூன்று விஷயம் சொன்னார். வாரம் ஒரு நாள் பார்த்தால் போதும். எண் சரியில்லை என்றால் எஸ்.டி.டி. பூத்திலிருந்து எனக்குப் பேசு, மாத்திரையில் நீயாகக் கை வைக்காதே. கீரை சாப்பிடு, ஆனால் ஒரு நாள் அண்டா நிறைய, ஒரு நாள் ஒன்றுமில்லை என்று இருக்காதே. கீரை அந்த மாத்திரையோடு மல்லுக்கு நிற்கும். ஆஞ்சப்பன் மூன்றுக்கும் “சரி சார்” என்றார். ஓசூர் வந்து சேருவதற்குள் மூன்றும் வேறு ரூபம் எடுத்துவிட்டன.

அதற்கும் காரணம் இருந்தது. கம்பெனி டாக்டர் ஒரு வார்த்தை கொடுத்திருந்தார். “மூணு மாசம், மாசம் ஒருக்கா வந்து நம்பரைக் காட்டு ஆஞ்சப்பா, மூணு வாட்டியும் கோட்டுக்குள்ளயே நிக்கட்டும். உன்ன மெஷினுக்கு அனுப்ப நான் கையெழுத்துப் போடறேன், கையில இரும்பு படாம மறைக்கிற தடுப்பு, கார்டு, மெஷினுக்கு மாட்டித் தரச் சொல்றேன்.” அவ்வளவுதான். ஆஞ்சப்பனுக்கு வாரம் ஒரு நாள் போதவில்லை. ஒன்று விட்டு ஒரு நாள் குத்த ஆரம்பித்தார். மனசு கேட்காத நாட்களில் தினமும்.

முதல் பலி கீரை. சரசம்மா தளிப் பக்கத்துப் பெண். ஒரு மழை பெய்தால் போதும், ஹவுசிங் போர்டுக்குப் பின்னால் காலி மனைகளில் முளைப்பதையெல்லாம் மடி நிறையக் கிள்ளிக்கொண்டு வந்து, ஏழெட்டு வகையைச் சேர்த்துக் கடைந்து, ராகிக் களிக்கு ஊற்றுவார். அந்த வீட்டில் களி என்றால் கீரை. கீரை என்றால் களி. ஆஞ்சப்பன் ஒரே நாளில் தடை போட்டார். “கீர உள்ள வந்தா சைஸ் நிக்காது.” கொத்துமல்லித் தழை போயிற்று, கோஸ் போயிற்று. கிள்ளின கை சும்மா இருக்குமா? சரசம்மா கிள்ளிக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் கொடுத்துவிடுவார். “ஆடு தின்னும், மாடு தின்னும், வாத்தியாரு தின்னுவாரு. எங்கூட்டு ராசா மட்டும் தின்ன மாட்டாரு” என்பார். அந்த மாதங்களில் நானும் என் மனைவியும் இரும்பு மாதிரி இருந்தோம்.

அடுத்து மாத்திரை. அரை பிளேடு ஒன்றை வைத்துக்கொண்டு, கருங்கல் பலகைத் துண்டின் மேல் மாத்திரையை நிறுத்தி, பாதியாக, பிறகு கால்வாசியாக வெட்டுவார். அவ்வளவு சின்ன மாத்திரையை அவ்வளவு ஒழுங்காக வெட்ட இன்னொருவரால் முடியாது, தூள்கூட சிந்தாது. எண் இரண்டு ஒன்று என்று வந்தால் ஒரு கால் கூடும். மறுநாளும் எண் ஏறவில்லையா, இன்னொரு கால். நாலுக்கு ஏறிவிட்டதா, அன்றைக்கு மாத்திரையே கிடையாது. “டாக்டருகிட்ட பேசினீங்களா?” என்று சரசம்மா கேட்டால், “பேசினேன், பேசினேன்” என்பார். பூத்துக்காரன் என் பழைய மாணவன். ஆஞ்சப்பன் அந்தப் பக்கமே வரவில்லை என்று அவன் பிறகு சொன்னான்.

எங்கள் வீட்டுச் சுவரில் செய்தி தாறுமாறாக வர ஆரம்பித்தது. “ரெண்டு!” என்று கவலையாக ஒரு நாள். “நாலு ரெண்டு!” என்று ஒரு நாள். நாலு நாள் கழித்து “ஒண்ணு எட்டு!” என் மனைவி தோசைக் கரண்டியோடு நின்று, “ஏங்க, இது பஸ் நம்பர் மாதிரி மாறுதே” என்றாள். கீரை இல்லாத வீட்டில் எண் ஏன் இப்படி ஆடுகிறது என்று ஆஞ்சப்பனுக்குப் புரியவில்லை. பெட்டி மேல் சந்தேகம் வந்தது. பட்டையை வெயிலில் வைத்துவிட்டார்கள் என்று மனைவியைக் கோபித்தார். கடைசியில் என்னையும் கேட்டார். “சார், உங்கூட்ல கீர தாளிக்கற வாசம் செவுத்துல வருது. அதுல ஏதாச்சும் ஆவுமா?” சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. சிரிப்பதா, பயப்படுவதா என்று தெரியாமல் நான் வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

கார்த்திகை மாதம், கம்பெனி டாக்டரிடம் கடைசிக் கணக்குக் காட்ட வேண்டிய திங்கட்கிழமை நெருங்கியது. அதற்கு முந்தின வாரம் எண் கீழே கிடந்தது. ஆஞ்சப்பன் மாத்திரையைக் கூட்டினார். அடுத்த நாள் அசையவில்லை; மறுபடி கூட்டினார். வெள்ளிக்கிழமை கொஞ்சம் அசைந்தது, போதாது. சனியும் ஞாயிறும் முழுசு முழுசாகப் போட்டுக்கொண்டார். திங்கள் விடிகாலையில் சரசம்மா எங்கள் கதவைத் தட்டினார். அவர் கையிலிருந்த துண்டு வெள்ளைத் துண்டு என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அதை நான்தான் அவர்களுக்குப் பழனியிலிருந்து வாங்கி வந்து கொடுத்தேன்.

“பல்லு வெளக்கினாரு, மூக்குல வருது சார். நிக்க மாட்டேங்குது” என்றார்.

குழாயடியில் ஆஞ்சப்பன் குந்தியிருந்தார். மூக்கைப் பிடித்த கைவிரல்களுக்கு நடுவிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. எனக்குக் கண் இருட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நானும் உட்கார்ந்தேன். இந்த லட்சணத்தில் என் மனைவிதான் ஓடிப் போய் கௌஸ் மொய்தீனுக்கு ஆள் அனுப்பினாள். அதற்குள் ஆஞ்சப்பன், மூக்கில் துண்டை அமுக்கியபடியே பெட்டியைக் கொண்டு வரச் சொன்னார். அன்றைக்கு டம்ளர் சூடு தேவைப்படவில்லை. பெட்டி ஏழுக்கு மேல் காட்டியது. அந்த ஒரு நாள் அவர் குரல் கொடுக்கவில்லை. பெட்டியைச் சரசம்மாவிடம் நீட்டினார்.

கௌஸ் மொய்தீன் யாருடைய வேனையோ பிடித்துக்கொண்டு வந்தார். ஓசூரில் மூக்கில் பஞ்சு வைத்து அடைத்து, எங்கும் நிற்காமல் பெங்களூர் போகச் சொன்னார்கள். வழியெல்லாம் சரசம்மா அந்தத் துண்டை மடித்து மடித்து அவர் மூக்கடியில் வைத்துக்கொண்டே வந்தார். வேன் சிக்னலில் நின்றபோதெல்லாம் அந்த ‘டிக், டிக்’ சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. அது எனக்குக் கேலியாக இருந்த காலம் அன்றோடு முடிந்தது. நின்றுவிடக் கூடாதே என்று அதையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஊசி போட்டு, ரத்தத்தின் தண்ணீர்ப் பாகத்தை ஏற்றி, சாயங்காலத்துக்குள் நிறுத்திவிட்டார்கள். பெங்களூர் டாக்டர் கட்டிலருகே வந்து நின்று, மாத்திரை அளவை மாற்றியது யார் என்று சத்தம் போடாமல் கன்னடத்தில் கேட்டார். “டோஸ் யாரு சேஞ்ச் மாடித்து?”

“நானே சார்” என்றார் ஆஞ்சப்பன். கன்னடத்திலும் தமிழிலும் அதற்கு ஒரே பதில்தான்.

டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இன்றைக்குப் போடுகிற மாத்திரை இன்றைக்கு வேலை செய்யாது, அது முழுசாகத் தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும், அதற்குள் நீ இன்னொன்று போட்டால் இரண்டும் சேர்ந்து வந்து நிற்கும் என்று பொறுமையாகச் சொன்னார். முன்பே சொன்னதுதான். ஆஞ்சப்பன் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.  டாக்டர் எழுந்து போனார்.

அதற்குப் பிறகுதான் சரசம்மா பேசினார். எனக்குத் தெரிந்து அவர் கணவரை ‘நீங்க’ என்பதைத் தவிர வேறு விதமாகக் கூப்பிட்டதில்லை.

“இருவது வருசமா சோத்துல ஒக்காந்தா இதே கததான். அந்தப் பையன் திருகிட்டான், இந்தப் பையன் திருகிட்டான், நான் கையப் புடிச்சேன்னு. நானும் கேட்டுக் கேட்டு எனக்கே மெஷினு ஓட்ட வந்துடும். ஊர்ப் பசங்க கையெல்லாம் புடிப்பியே, உன் கைய யாரு புடிக்கறது? சொல்லு. யாரு புடிக்கறது?”

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஆஞ்சப்பன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சரசம்மா அழவில்லை. முந்தானையால் அவர் மீசையில் காய்ந்திருந்த ரத்தத்தைத் தேய்த்துத் துடைத்தார். கொஞ்சம் பலமாகவே துடைத்தார். ஊருக்குத்தான் உபதேசம் என்று வீட்டுக்கு வந்ததும் சொல்லிச் சிரிக்கலாம் என்று பார்த்தேன். என் மனைவியிடம்கூடச் சொல்ல வாய் வரவில்லை.

வீடு திரும்பிய மறுநாள் ஆஞ்சப்பன் கம்பெனி டாக்டரிடம் போய் நடந்ததைச் சொல்லிவிட்டார். மறைக்கிற ஆள் இல்லை. மறைத்தது மாத்திரை விஷயத்தில் மட்டும்தான். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு, மூன்று மாதத்தை ஆரம்பத்திலிருந்து தொடங்கச் சொன்னார். டூல் ஸ்டோர், கம்பி வலை, பித்தளை டோக்கன். மார்கழிக் குளிரில் டம்ளரை அணைத்துக்கொண்டு, வாரம் ஒரு நாள், புதன்கிழமை மட்டும் குத்தினார். அரை பிளேடு பரணுக்குப் போய்விட்டது. முழு மாத்திரையும் பாதி மாத்திரையுமாக எந்தெந்தக் கிழமை எது என்று பெங்களூர் டாக்டர் சொன்னபடி மருந்துக்கடைக்காரரே வெட்டித் தருகிறார். கம்பெனிக்கு வந்திருந்த ஜெர்மனிக்காரரின் கடிதத்துக்கு கௌஸ் மொய்தீன் மகள் இங்கிலீஷில் பதில் எழுதினாள். பெட்டி நன்றாக வேலை செய்கிறது என்று மட்டும் ஆஞ்சப்பன் எழுதச் சொன்னாராம்.

கீரை திரும்பி வந்துவிட்டது. தினமும் ஒரு கரண்டி, அதே கரண்டி. விருந்து வந்தாலும் கூடாது, விரதம் வந்தாலும் குறையாது. எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது நின்றுபோனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம். “உங்குளுக்குக் கடைல கெடைக்குது இல்ல?” என்று சரசம்மா முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டார். பேச்சு மறுபடி ‘நீங்க’வுக்கு வந்துவிட்டது. ஆனால் ஆஞ்சப்பன் அந்த ‘நீ’யை மறக்கவில்லை என்று நினைக்கிறேன். அவர் முதுகுக்குப் பின்னால் பாத்திரம் விழுந்தால்கூட இப்போதெல்லாம் திரும்பிப் பார்க்கிறார்.

இரண்டு மாதத்துக்கும் மேலே எண் கோட்டுக்குள் நின்றது. சுவர்ச் செய்தியில் சுவாரசியமே இல்லாமல் போய்விட்டது. ஒரு வாரம் ரெண்டு ஒன்பது, ஒரு வாரம் மூணு. “ஆவட்டும்” என்று பதில் வரும். கௌஸ் மொய்தீன் மெஷினுக்கு மாட்டுகிற கார்டை அளவெடுத்து வெட்டி வைத்துவிட்டார். கல்லை மாற்றிவிட்டோம், ஆயிலை மாற்றிவிட்டோம் என்று ஒவ்வொரு சாயங்காலமும் வந்து சொல்லிவிட்டுப் போவார். கல்யாண வீட்டில் பந்தல் போட்டாயிற்று என்று சொல்லுகிற தோரணை அது. ஆஞ்சப்பன் “இருக்கட்டும், இருக்கட்டும்” என்பார். காதுவரைக்கும் சிரிப்பு இருக்கும்.

போன புதன்கிழமை கடைசிக் கணக்கு. மறுநாள் காலையில் கம்பெனி டாக்டரிடம் காட்ட வேண்டும். மாசி பிறந்தும் குளிர் விடவில்லை. நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி வெளியே வந்தபோது, அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு விரலைக் குத்திக்கொண்டிருந்தார். வழக்கம்போல முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே சரசம்மா கீரை நறுக்குகிற சத்தம் கேட்டது.

பெட்டி யோசித்து முடித்தது. குரல் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். ஆஞ்சப்பன் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எவ்ளோங்க?” என்று உள்ளிருந்து சரசம்மா கேட்டார்.

“ரெண்டு மூணு” என்றார். பொய் சொல்லவில்லை. கோட்டுக்குக் கீழே கொஞ்சம்தான்.

நறுக்குகிற சத்தம் நின்றது. மாத்திரை டப்பா பெட்டிக்குப் பக்கத்திலேயே, படியின் மேல் இருந்தது. சாயங்காலத்து மாத்திரையை இப்போதே போட்டு, ராத்திரி இன்னொன்று போட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. காலையில் மறுபடி ஒரு குத்து, ஒரு புது எண், அதே பழைய கணக்கு. சரசம்மா வெளியே வரவில்லை.  ஆஞ்சப்பனின் வலது கை படியின் மேல் மெல்ல நகர்ந்து டப்பாவின் மூடியைத் தொட்டது.

உடனே இடது கை வந்தது. வலது மணிக்கட்டை அழுத்தி வளைத்துப் பிடித்தது. டீ ஆவி அடங்கும்வரை அவர் அந்தக் கையை விடவில்லை. குத்தின விரலிலிருந்து வலது மணிக்கட்டில் ஒரு பொட்டு ரத்தம் ஒட்டியிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.